விருந்தாளி வராத வீட்டுப் பலகை

நோரினாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கொஞ்சம் யோசிப்பார்கள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். பிடிபட்டால் பிடித்தவனையே திட்டுவாள். கரைமேட்டுச் சாலையில் கார் ஓட்டினால் வாத்துகள்கூட ஒதுங்கி நிற்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்த காலத்தில் தட்டில் மிச்சம் வைத்த பிள்ளையை அவள் எழுந்திருக்கவே விட்டதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது தலை நரைத்துவிட்டது. அந்த நரைக்குச் சாயம் பூசுகிறவள் நான் என்பதால் எனக்குத் தெரியும், அவள் குரலைக் கேட்டால் இன்னும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

என் பெயர் இவோன். வட இத்தாலியில் போ என்கிற ஆற்றின் கரைமேட்டுக்குக் கீழே, மாதா கோயிலுக்கு எதிரே இருக்கும் முடிதிருத்தும் கடை என்னுடையது. நோரினாவின் வீடு எனக்கு இரண்டு வீடு தள்ளி. அவள்மேல் எனக்குக் கோபம் வராத வாரம் கிடையாது. ஆனாலும் போன குளிர்காலத்தில் அவள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அதை ஊர் வேறு மாதிரிப் பேசுகிறது; அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

அவள் மலைக்காரி. செம்மறி மேய்க்கிற குடும்பம். கல்யாணமாகி இந்தச் சமவெளிக்கு, இந்தப் பனிமூட்டத்துக்கு வந்தாள். கட்டிக்கொண்டது லெயார்க்கோவை. குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பன்றி அறுத்து, உப்புத் தடவி, கயிறு கட்டி, நிலவறையில் தொங்கவிட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதிகம் பேசாத மனிதர். பேசினால் பலகையைப் பற்றித்தான் பேசுவார்.

பலகை என்றால் அவர் வீட்டு விருந்துப் பலகை. வால்நட் மரம், நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அதில் எது எங்கே உட்கார வேண்டும் என்பதில் ஒரு மயிரிழைகூட விட்டுத்தர மாட்டார். விருந்தாளியின் கைக்கு நேராக குலத்தெல்லோ. பன்றியின் பின்தொடையில் இருக்கிற நல்ல சதை, ஒரு வருடத்துக்கு மேல் ஈர அறையில் தொங்கிக் கனிந்தது. அதன் பக்கத்தில் ரொட்டியும் வெண்ணெய்ச் சுருளும் மட்டும்; வேறு எதுவும் அண்டக் கூடாது. அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். குடலில் அடைத்துக் காயவைத்த சலாமியில் இளசானதுக்கு இளசான பார்மிஜானோ சீஸ். உப்பிட்ட கழுத்துக்கறிக்குக் கடுகுப்பாகில் ஊறிய பழம். மிளகு தூக்கலான முதிர்ந்த சலாமிக்கு, கத்தி போடாமல் உடைத்தெடுத்த பழைய பார்மிஜானோவும் ஒரு கீற்றுப் பேரிக்காயும். கடைசியில் நீலப் பூஞ்சை பூத்த கொர்கொன்சோலா சீஸ், மேலே தேன். மென்மையில் தொடங்கி வீரியத்தில் முடிய வேண்டும். "ஆரம்பத்துலயே ஒருத்தன் கத்திட்டா, அப்புறம் மெல்லப் பேசுறவன் பேச்சு யாருக்குக் கேக்கும்?" என்பார்.

நோரினா அதில் தன் ஊர்ச் செம்மறிப்பால் சீஸை ஒரு ஓரத்தில் சொருகுவாள். அவர் எடுத்து வெளியே வைப்பார். அவள் மறுபடியும் சொருகுவாள். நாற்பது வருடக் குடும்பச் சண்டையே அவ்வளவுதான். விருந்தாளிகள் அதைப் பார்க்கவே வருவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பதுதான், ஆனால் லெயார்க்கோவுக்கு அது சட்டம். விருந்தாளி பலகையை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றிலும் ஒரு துண்டு சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாது. எவ்வளவு பசித்தாலும் சரி. அவருடைய அப்பா அப்படி இருந்தார், அவரும் அப்படியே இருந்தார். அந்தச் சட்டந்தான் அவர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

மறதி வந்தது. முதலில் கத்தியை எங்கே வைத்தோம் என்று மறந்தார், யார்தான் மறக்கவில்லை. பிறகு பொலோஞ்ஞாவில் இருக்கும் மகளின் பெயர் போனது. இலையுதிர்காலத்தில் ஒரு காலை நோரினா காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டாராம். "ரொம்ப நன்றி சிஞ்ஞோரா. இந்த வீட்டுல புதுசா வேலைக்குச் சேந்தீங்களா?"

முன்பின் தெரியாத பெண்களை மரியாதையாக சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். நோரினா அன்றைக்கே என் கடைக்கு வந்து தலை கழுவும் தொட்டியில் சாய்ந்தபடி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "நாப்பது வருஷம் அந்த ஆளோட குப்பை கொட்டினேன் இவோன். இப்பத்தான்டி முதல் தடவையா மரியாதை கிடைச்சிருக்கு." நான் தண்ணீரைத் திறந்தேன். அவள் அழுகிற சத்தம் தெருவுக்குக் கேட்க வேண்டாமே என்று ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பசி இல்லாமல் இல்லை. வயிறு இரைவது பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும். ஆனால் தட்டை வைத்தால் இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளுவார். "விருந்தாளிங்க வரட்டும்," என்பார். சூப் வைத்தாலும் அதே பதில், ரொட்டி வைத்தாலும் அதே பதில். அவர் மண்டைக்குள் கடிகாரம் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தது. பலகை தயார், விருந்தாளிகள் வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள், எந்த நிமிடமும் மணி அடிக்கும். இந்த ஒரு வேளையிலேயே அந்த மனிதர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

நோரினா கரண்டியோடு மல்லுக்கட்டினாள். "வாயத் திறயேன் லெயார்க்கோ. ஒரே ஒரு வாய். எனக்காகத் திறயேன்." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் முகம் கோணாமல், "தப்பா நினைக்காதீங்க சிஞ்ஞோரா, வீட்டுக்காரன் முதல்ல சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்பார். அவளே எதிரில் உட்கார்ந்து எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. "நீங்க சமையல்கட்டுல அப்புறமாச் சாப்பிடுங்களேன். வந்தவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று காதோடு சொன்னாராம்.

டாக்டர் பெர்தானி வந்தாள். சின்னப் பெண், பார்மாவில் படித்தவள், நல்லவள்தான். எடை பார்த்தாள், முகம் மாறியது. "இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேத்துக் குழாய் போட வேண்டியிருக்கும்," என்றாள்.

"குழாய அவன் பிடுங்கிடுவான்," என்றாள் நோரினா.

"கையைக் கட்டிப் போடுவாங்க."

நோரினா அவர் கையைப் பார்த்தாள். ஆயுளெல்லாம் கத்தி பிடித்த கை; அதைக் கட்டிலில் கட்டுவார்களாம். அந்தக் கட்டிலுக்கு அவர் போகக் கூடாது. அன்றிலிருந்து அவளுக்கு வேறு எண்ணமே கிடையாது.

வழி காட்டியது எங்கள் கோயில் பாதிரியார் செல்சோ சாமியார். வேண்டுமென்றே இல்லை, பசியால். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நலம் விசாரிக்க வந்தவர், பலகையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. குலத்தெல்லோவில் ஆரம்பித்துக் கொர்கொன்சோலா வரை சுற்றி முடித்து ஒயினுக்குக் கை நீட்டினார். உடனே லெயார்க்கோ ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னொன்று. பாதிப் பலகை காலி.

நோரினா ஏப்ரனோடு தெருவில் ஓடிவந்தாள். "சாப்பிட்டான்! இவோன், சாப்பிட்டான்! அந்தத் தின்னிச் சாமியார் நல்லா இருக்கட்டும்!" என் கடையில் தலைக்குச் சுருள் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் அப்படியே எழுப்பி மறுநாளைக்கு விருந்துக்கு அழைத்தாள்.

அதற்கப்புறம் சில வாரம் ஊரே போய்ச் சாப்பிட்டது. ஓசியில் குலத்தெல்லோ என்றால் சும்மாவா? வந்தவர்களிடம் லெயார்க்கோ பழைய கதைகளைச் சொன்னார். ஒரே கதையை மூன்று தடவை சொன்னார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பெர்தானி மட்டும், "உப்பு அதிகமாச்சே," என்று இழுத்தாள். "உப்பு கொல்றதுக்கு வருஷமாகும், பட்டினி கொல்றதுக்கு வாரம் போதும். நீ எதப் படிச்சிட்டு வந்தே?" என்று நோரினா கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு மிளகுச் சலாமியில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

நான் ஏன் விருந்தாளியாகப் போகவில்லை என்று கேட்பீர்கள். போனேன். என்னைக் கண்டதும் லெயார்க்கோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். "பின்பக்கம் கொஞ்சம் குறைச்சு வெட்டும்மா." நான் கோட்டு மாற்றிப் போனேன், தொப்பி போட்டுப் போனேன், ஒன்றும் நடக்கவில்லை. பெண்டாட்டி மறந்துபோனாள், முடி வெட்டுகிறவள் மறக்கவில்லை. அதை நினைத்து எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

கெடுத்தவன் பிரிமோ. டிராக்டர் மெக்கானிக், என் அத்தை மகன், அதனால் தயங்காமல் திட்டுகிறேன். அவனுக்குக் கொழுப்பு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குலத்தெல்லோத் துண்டை எடுத்தான், அதைச் சுற்றி இருந்த வெள்ளைக் கொழுப்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்தான். லெயார்க்கோவின் கண் அங்கேயே நின்றது.

"என்ன பண்றே?"

"கொழுப்புங்க. உடம்புக்கு ஆகாது."

"அதுல ருசியே அதுதான்டா. அத எடுத்துட்டு என்னத்தத் திங்கப்போறே? என் மேசைல உக்காந்து என் பன்றியத் தோலுரிக்கிறியா? வெளிய போ!"

பிரிமோவைத் துரத்தியதோடு நிற்கவில்லை. பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மறுநாள் வந்தவர்களையும் கதவிலேயே நிறுத்தி, "கொழுப்புத் திங்கிற ஆளா நீ?" என்று விசாரித்தார். சிலர் முகம் சுளித்துத் திரும்பினார்கள். ஊருக்கு அது ஒரு சாக்கு. சக்கரை, ரத்தக் கொதிப்பு, வேலை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உண்மையைச் சொல்லவா? அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நாளைக்குத் தாங்கள் உட்காரப் போவதை அவர்கள் பார்த்தார்கள். பயந்துவிட்டார்கள். பயந்தவனை நான் மன்னிப்பேன். நன்றாகத் தின்றுவிட்டுப் பயந்தவனை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

சாமியார் மட்டும் விடாமல் வந்தார். ஜனவரியில் காய்ச்சல் ஊரைச் சுற்றியது. சாமியாரும் படுத்தார். அவருக்குப் பிறகு யாரும் இல்லை.

அந்த வாரம் பனிமூட்டம் எதிர்வீட்டையே விழுங்கியிருந்தது. நோரினா சாலையில் நின்று போகிற வண்டிகளுக்குக் கை காட்டினாள். பார்சல் கொண்டுவருகிற பையன் ஒருவன் நிறுத்தினான். மொராக்கோக்காரன், நல்ல பிள்ளை. பன்றி தொடமாட்டான். "சீஸ் சாப்பிடுறேன் அம்மா, அது பரவாயில்லையா?" என்று கேட்டு உட்கார்ந்தான். மூன்று சீஸையும் ரசித்துச் சாப்பிட்டான். லெயார்க்கோவுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் சுற்று முடியவில்லையே. இறைச்சிப் பக்கம் அப்படியே இருந்தது. பையன் போனபிறகும் அவன் திரும்பி வந்து முடிப்பான் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு நாள் நோரினா எதிர் நாற்காலியில் விருந்தாளி மாதிரி ஒரு கோட்டை மாட்டி, மேலே ஒரு தொப்பியை வைத்தாள். நான் போனபோது லெயார்க்கோ அந்தக் கோட்டுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தார். "எடுத்துக்குங்க, கூச்சப்படாதீங்க," என்று பலகையை அதன் பக்கம் தள்ளினார். கோட்டு சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. "பாவம், ஏதோ மனக்கஷ்டத்துல இருக்காரு," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். நோரினா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

இன்னொரு நாள் வேண்டுமென்றே செம்மறிச் சீஸை குலத்தெல்லோவின் மேலேயே வைத்தாள். தன் பெண்டாட்டியை அடையாளம் தெரியாத மனிதருக்கு அது தெரிந்தது. "அய்யய்யோ" என்று எடுத்து ஓரமாக வைத்தார். பக்கத்திலிருந்த வெண்ணெய் விரலில் ஒட்டியிருந்தது. விரலை நக்குவார், நாக்கில் ருசி பட்டால் பசி கிளம்பும் என்பது அவள் கணக்கு. அவர் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெர்தானி வந்து பார்த்துவிட்டு நோரினாவின் கையைப் பிடித்தாள். "திங்கக்கிழமை ஆம்புலன்ஸ் வரும். இதுக்கு மேல நான் வீட்டுல வெச்சிருக்க முடியாது. மன்னிச்சிருங்க."

அன்று மாலை நோரினா வந்தபோது கடையில் வேறு ஆளில்லை. நான் சொன்னேன், "நோரினா, நீயே போயேன். உடுத்திக்கிட்டு, வாசலுக்குப் போய் மணி அடி."

அவள் கையில் கிடைத்த சீப்பை என் மேல் வீசினாள். "என் வீட்டு வாசல்ல நான் நின்னு மணி அடிக்கவா? என் புருஷனுக்கு நான் விருந்தாளியா?"

"சாப்பிட வேண்டாமா அவரு?"

"உனக்குப் புரியாது. இப்பவும் காலைல சில நேரம் கண்ணத் திறந்ததும் என்னப் பாத்து 'நோரினா'ன்னு கூப்பிடுறான். அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்குத்தான்டி நான் எழுந்திருக்கிறேன். நானே போய் நின்னு 'நான் வேற யாரோ'ன்னு சொன்னா, அப்புறம் எந்த வழியா நான் வீட்டுக்குள்ள வர்றது?"

சீப்பைப் பொறுக்கி வைத்தேன்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அலங்காரம் பண்ணி விடு," என்றாள். நான் அவளுடைய தலைமுடிக்குச் சாயம் போட்டுத் தூக்கிச் சீவினேன். உதட்டுக்குச் சிவப்பும் கண்ணுக்கு மையும் போட்டேன். என் நீலக் கோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாத்தா பணக்காரி மாதிரி இருக்கேன்," என்றாள். வாய் கோணிக்கொண்டது. "அழாதே, மை கரையும்," என்று அதட்டினேன்.

பலகையை அவள் முன்பே அடுக்கி வைத்திருந்தாள். நான் பின்கதவு வழியாகப் போய்ச் சமையலறையில் நின்றேன். கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. மணி அடித்தது.

நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்த மனிதர் தானாக எழுந்தார். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. இந்தப் பனில வழி கண்டுபிடிச்சு வந்துட்டீங்களே! எங்கேருந்து வர்றீங்க?"

"மலைப்பக்கத்துலேருந்து," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"அடடே, என் பொண்டாட்டியும் அந்தப் பக்கந்தான். இப்ப வந்துடுவா. உக்காருங்க."

அவர் பலகையை அவள் பக்கம் திருப்பினார். முதலில் குலத்தெல்லோ, ரொட்டியில் வெண்ணெய் தடவி அவர் கையாலேயே கொடுத்தார். நாற்பது வருடத்தில் அவர் அவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவள் மென்றாள், விழுங்கினாள். இளசான சலாமி, அதோடு இளசான பார்மிஜானோ. கழுத்துக்கறி, கடுகுப்பாகில் ஊறிய பழம். அங்கே அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மூக்குல ஏறிடுச்சா?" என்று அவர் சிரித்தார். "பழக்கமில்லாதவங்க எல்லாரும் அழுவாங்க. ஒரு வாய் ஒயின் குடிங்க, சரியாயிடும்."

செம்மறிச் சீஸ் இருந்த ஓரம் வந்தது. அவர் கொஞ்சம் தயங்கினார். "இது எங்க ஊர் முறை இல்ல. என் வீட்டுக்காரி வெக்கிறது. ஒரு துண்டு எடுத்துக்குங்க, இல்லன்னா அவ மனசு கஷ்டப்படும்." அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு மிளகுச் சலாமி, பழைய பார்மிஜானோ, பேரிக்காய். கடைசியாகத் தேன் ஊற்றிய கொர்கொன்சோலா. சுற்று முடிந்தது.

லெயார்க்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு துண்டு குலத்தெல்லோவை விரலால் எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். மென்றார். இன்னொரு துண்டு. ரொட்டி. சலாமி. அவர் கன்னம் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டார் வாயில் உணவோடு.

"அவருக்கு உடம்பு சரியில்ல."

"அப்ப கூடவே இருங்க சிஞ்ஞோரா. ஆம்பிளைங்க வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா பயப்படுவாங்க." இன்னொரு துண்டை எடுத்தார். "உங்க பேரக் கேக்கவே இல்ல பாருங்க."

அவள் அவரைப் பார்த்தாள். சொல்லாதே, சொல்லாதே என்று நான் உள்ளே பல்லைக் கடித்தேன்.

"நோரினா," என்றாள்.

அவர் மெல்லுவது நின்றது. அவள் முகத்தையே பார்த்தார். அவளால் தாங்க முடியவில்லை. மேசைமேல் கை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "லெயார்க்கோ, நாந்தான். நாந்தான்யா."

அவர் முகத்தில் வந்தது பயம். நான் அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். கையிலிருந்த துண்டு விழுந்தது. வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என் பொண்டாட்டி எங்க? அவளுக்கு என்ன ஆச்சு? எதுக்கு வந்தீங்க நீங்க, என்ன சொல்ல வந்தீங்க?" என்று நடுங்கினார். பலகையைத் தள்ள ஆரம்பித்தார்.

நோரினா கையை எடுத்தாள். எவ்வளவு சீக்கிரம் எடுத்தாள் என்று நான் பார்த்தேன். சீட்டாட்டத்தில் பிடிபட்டால் சிரிக்கிற அதே சிரிப்பை முகத்தில் கொண்டுவந்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. என் பேரும் நோரினாதான், அதத்தான் சொல்ல வந்தேன். வழில அவங்களப் பாத்தேன், வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க சாப்பிடுங்க."

"அப்படியா! ஒரே பேரா!" அவர் மூச்சு விட்டார். "பயந்தே போயிட்டேன். அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது."

மறுபடியும் சாப்பிட்டார். பலகையில் மரம் தெரியும்வரை சாப்பிட்டார். கடைசியில் மீதமிருந்த ஒரே குலத்தெல்லோத் துண்டை, சுற்றிலும் வெள்ளைக் கொழுப்போடு முழுசாக இருந்ததை, ஒரு சின்னத் தட்டில் வைத்து மேலே துணியை மூடினார்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "அடுத்த தடவை அவ இருக்கறப்ப வாங்க," என்றார். நோரினா பனிக்குள் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றினாள், உதட்டைத் துடைத்தாள், ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டாரு நோரினா," என்றேன். "நாளைக்கு அந்த டாக்டர் பொண்ணு வந்து பாக்கட்டும். ஆம்புலன்ஸ் வண்டிய நான் பேசித் திருப்பி அனுப்பறேன்."

அவள் தலையாட்டிவிட்டு மேசையைத் துடைக்கப் போனாள். கோப்பைகளை எடுத்தாள், பலகையை எடுத்தாள். துணி மூடிய சின்னத் தட்டைத் தொட்டாள். லெயார்க்கோ அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"அதுல கை வெக்காதீங்க சிஞ்ஞோரா," என்றார், கோபமில்லாமல். "அது என் பொண்டாட்டிக்கு. அவ வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

"சரிங்க," என்றாள் நோரினா. மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.